பனி பார்த்து மழை சொன்ன சீமை

தை மாதத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பாடாலூர்ப் பக்கத்து டீக்கடை ஒன்றில் நின்றால், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் மறுகரை சில நாள் தெளிவாகவே தெரியும். போகிற லாரியின் பின்விளக்கு புள்ளியாகத் தேயும்வரை கண்ணுக்குத் தட்டுப்படும். கிழக்கு வெளுத்துவிட்டது, இனிப் பயமில்லை என்று ஓட்டுநர் கிளாஸை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பும் ஆறரை மணிக்குத்தான் வயல்களிலிருந்து வெள்ளை எழும். கால் மணி நேரத்தில் புளியமரம் மறையும். பிறகு மைல்கல் மறையும். கடைசியில் சாலையின் வெள்ளைக் கோடு மட்டும் சில அடிக்குத் தெரியும். இருட்டில் வராத மூடுபனி வெளிச்சத்தோடு சேர்ந்து வருவது ஏன்? அது வரப்போகிறது என்பதை முதல் நாள் இரவே சொல்லிவிட முடியுமா?

கேள்வி பழையது போலத் தோன்றும். இதற்கு வயது குறைவு. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் பனியைக் கவனித்தவர்கள் எக்காலத்திலும் இருந்தார்கள். ஆனால் பனி எப்போது வரும் என்று அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதில்லை. பனியை வைத்து மழையைக் கணித்தார்கள். பனியையே கணிக்க வேண்டிய தேவை, மனிதன் தன் கண் எட்டுவதைவிட வேகமாக ஓடத் தொடங்கிய பிறகு பிறந்தது.

தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, கண்ணை மறைக்கும் மூட்டமும் பனி, உடம்பை நடுக்கும் குளிரும் பனி, இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி. வானிலைத் துறைக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி நீர்த்திவலைகள் மறைத்தால்தான் அது மூடுபனி. அதற்கு மேல் தெரிந்தும் மங்கலாக இருந்தால் லேசான பனிமூட்டம். பார்வைத் தூரம் 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த மூடுபனி, 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்தது என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை வகை பிரிக்கிறது. ஊர்ப் பேச்சில் ‘பனி இறங்குது’, ‘பனி கொட்டுது’, ‘மூட்டம் போட்டிருக்கு’ என்று மூன்று வினைச்சொல்லில் இந்த வேறுபாடு முடிந்துவிடுகிறது. பெயர் ஒன்றானாலும் வினை மாறுகிறது. கவனித்தவர்களின் மொழி அப்படித்தான் இருக்கும்.

ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்த முன்னோர் அவற்றில் இரண்டுக்குப் பனியின் பெயரையே வைத்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. ‘பனி பெய்தால் மழை இல்லை, பழம் இருந்தால் பூ இல்லை’ என்றொரு பழமொழி உண்டு. இதை வானிலைப் பாடமாகவே வாசிக்கலாம். மேகமில்லாத வானத்தின் கீழ்தான் நிலம் இரவில் நன்றாகக் குளிர்ந்து பனி இறங்கும். மழை வேண்டுமானால் மேகம் வேண்டும். ஒன்று நடந்தால் மற்றது அந்த இரவில் நடப்பது அரிது. பழத்தையும் பூவையும் பக்கத்தில் வைத்து அந்தக் காரணத்தை யாரோ ஒருவர் மனப்பாடமாகும்படி சொல்லிவைத்திருக்கிறார்.

மழையைப் பனியிடம் கேட்கும் வழக்கத்துக்கு ஒரு பெயரும் உண்டு: கர்ப்போட்டம். மார்கழியின் பிற்பாதியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் நிற்கும் சுமார் 14 நாட்களைப் பஞ்சாங்கங்கள் இன்றும் குறிக்கின்றன. ஆங்கில நாட்காட்டியில் டிசம்பர் 28ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி ஜனவரி 10, 11 வரை. அந்த நாட்களில் மேகம் கருத்தரிக்கிறது என்பது நம்பிக்கை. கருமேகம் தெற்கு நோக்கி நகர்கிறதா, லேசான தூறல் உண்டா, காலையில் மூட்டம் போட்டதா, நிலவைச் சுற்றி வட்டம் கட்டியதா, காற்று எந்தத் திசை என்று நாள்தோறும் பார்த்து, வரும் ஆண்டின் மழையைச் சொல்வார்கள். அந்த நாட்களிலேயே பெருமழை கொட்டிவிட்டால் கரு கலைந்துவிட்டது என்று கணக்கு. இதன் பழைய எழுத்து வடிவம் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் இருக்கிறது. கருத்தரித்த 195ஆம் நாளில் மேகம் மழையைப் பெறும் என்று அந்த நூல் சொல்கிறது.

டிசம்பர் 28லிருந்து 195 நாட்களை எண்ணினால் ஜூலை 11 வருகிறது. ஆனி முடிந்து ஆடி பிறக்கும் வேளை. பெரம்பலூரின் மானாவாரி விவசாயிக்கு அந்தத் தேதியின் எடை தெரியும். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டிய நேரம் அது; கரிசல் காட்டில் பருத்திக்கும் மற்றப் பயிர்களுக்கும் நிலத்தை உழுது தயாராக வைத்துக்கொண்டு வானம் பார்க்கும் நேரம். மார்கழிக் காலையின் மூட்டத்தை ஒரு மனிதர் அவ்வளவு அக்கறையோடு பார்த்தது ஏன் என்பது இங்கே விளங்கும். அவர் கண் முன் நின்றது மார்கழி. மனத்தில் ஓடியது ஆடி.

கர்ப்போட்டக் கணக்கை இன்றைய வானிலை அறிவியல் ஏற்றுக்கொள்வதில்லை. ஆறரை மாதத்துக்கு முந்தைய ஒரு காலையின் மூட்டம் ஆடியின் மழையைத் தீர்மானிக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. அதற்காக அதைத் தள்ளிவிட்டுப் போவது சரியாகப் படவில்லை. 14 நாள் விடாமல், ஒரே நேரத்தில், வானத்தையும் காற்றையும் ஈரத்தையும் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எளிதில் கிடைப்பதல்ல. தவறான முடிவுக்குப் போனாலும் அந்தக் கண்கள் சரியான பொருள்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

மூடுபனியை முன்னதாகச் சொல்ல வேண்டிய தேவை ஏன் அவர்களுக்கு இல்லை என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். மாட்டுவண்டி மணிக்கு நாலு கிலோமீட்டர் போகும். அதாவது நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். எதிரே 50 மீட்டர் மட்டும் தெரியும் பனியில் அந்த 50 மீட்டரைக் கடக்க முக்கால் நிமிடம் ஆகும். மாட்டுக்கு வழி தெரியும். வண்டிக்காரர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கண்ணயரவும் செய்யலாம். இன்று அதே தடத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. அந்த 50 மீட்டர் இரண்டு நொடிக்குள் தீர்ந்துவிடும்.

இந்த இரண்டுக்கும் இடையில் வந்தது ரயில்.

விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன் 1920களின் இறுதியில் திறக்கப்பட்டது. அதுவரை சென்னையிலிருந்து ரயிலில் திருச்சி போக வேண்டுமானால் கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று சுற்ற வேண்டும். புதிய பாதையால் அரியலூர் ரயில் ஊரானது. பெரம்பலூர் நகரத்துக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. ஆகவே இந்த இரட்டை மாவட்டங்களின் பனிக்கு இரண்டு வரலாறு. அரியலூர்ப் பனி தண்டவாளத்தின் மேல் இறங்கியது, பெரம்பலூர்ப் பனி நெடுஞ்சாலையின் மேல்.

ரயில்வே மூடுபனியை எப்படி எதிர்கொண்டது என்பது கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்த விஷயம். மூட்டம் எப்போது வரும் என்று கணிக்க அதனிடம் கருவி இல்லை. ஆனால் வந்துவிட்டதா இல்லையா என்பதை ஆளுக்கு ஆள் மாறாமல் முடிவு செய்ய ஒரு வழி வேண்டியிருந்தது. ஒரு நிலைய அதிகாரி ‘தெரிகிறது’ என்று சொல்ல, அடுத்த நிலைய அதிகாரி ‘தெரியவில்லை’ என்று சொன்னால் உயிர் போகும். அதனால் விதிப்புத்தகத்தில் ‘விசிபிலிட்டி டெஸ்ட் ஆப்ஜெக்ட்’ என்றொரு பொருள் வந்தது. நிலைய அதிகாரி நிற்கும் இடத்திலிருந்து 180 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்கும் ஒரு கம்பம், அல்லது அதற்கென்று குறித்துவைத்த ஒரு சிக்னலின் கையோ விளக்கோ. அது கண்ணுக்குத் தெரிந்தால் பனி இல்லை. தெரியாவிட்டால் பனி. வாதத்துக்கு இடமில்லை. மேகத்தின் கருப்பையையும் நிலவின் வட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்த சீமையில், பனி என்பது ‘ஆம், இல்லை’ என்று பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக முதன்முறையாக மாறியது இந்தக் கம்பத்தால்தான்.

கம்பம் மறைந்ததும் அடுத்த வேலை வெடி. ரயில்வேக்காரர்கள் ‘ஃபாக் சிக்னல்’ என்று சொல்லும் தட்டையான சின்ன டப்பா; உள்ளே வெடிமருந்து, இரண்டு பக்கமும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க ஈயப் பட்டை. எட்வர்ட் கூப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1841இல் உருவாக்கியது. பனி மூடியதும் இதற்கென்று நியமிக்கப்பட்ட ஊழியர் விளக்கையும் டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு நடந்து, சிக்னலுக்கு 270 மீட்டர் முன்பாக, பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டைப் பொருத்த வேண்டும். எஞ்சின் சக்கரம் ஏறியதும் அடுத்தடுத்து இரண்டு முறை வெடிக்கும். கண்ணுக்குத் தெரியாத சிக்னல் நெருங்குகிறது என்பதை ஓட்டுநர் காதால் அறிந்துகொள்வார். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டிக்கு 270 மீட்டர் என்பது பதினாறு நொடி. அந்தப் பதினாறு நொடிக்காக ஒரு மனிதர் மார்கழிக் குளிரில் தண்டவாளத்தோரம் காத்துக்கொண்டு நிற்பார். அவர் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

அரியலூர் என்றதும் தமிழ்நாட்டின் மூத்த தலைமுறைக்கு நினைவுக்கு வரும் விடியல் வேறொன்று. 1956 நவம்பர் 23. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்திருக்க, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் ஆற்றுக்குள் இறங்கியது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அது மூடுபனியின் வேலை அல்ல, ஐப்பசி, கார்த்திகை மழையின் வேலை. ஆனாலும் வானிலை என்பது பயிருக்கு மட்டும் உரிய செய்தி அல்ல, ஓடுகிற வண்டிக்கும் உரியது என்பதை இந்த வட்டாரம் மிகக் கொடிய முறையில் கற்றது அன்றுதான். அரியலூர் தனி மாவட்டமாக மறுபடி உருவானதும் ஒரு நவம்பர் 23ஆம் தேதியில், 2007இல்.

வானிலைத் துறைக்கும் அரியலூருக்கும் இதைவிடப் பழைய ஓர் உறவு இருக்கிறது. உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாத உறவு.

1850களின் பிற்பகுதியில் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு என்ற இளம் நிலவியலாளர் இந்தப் பகுதிக்கு வந்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஊழியர். காரை, ஊட்டத்தூர், அரியலூர் என்று ஓடைகளிலும் செம்மண் பள்ளங்களிலும் நடந்து, பாறை அடுக்குகளையும் அவற்றில் கிடந்த கடல் உயிரிகளின் படிமங்களையும் ஆராய்ந்தார். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறி இறங்கிய இந்த நிலத்தின் அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக அவர் வகுத்தார். 1862இல் வெளிவந்த அவருடைய ஆய்வுநூலுக்குப் பிறகு, உலகின் நிலவியல் புத்தகங்களில் இந்த ஊர்ப் பெயர்கள் நிலைத்துவிட்டன. இன்று அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் மிச்சம்தான்.

அதே 1862இல் பிளான்ஃபோர்டு நிலவியல் துறையை விட்டுக் கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் தாக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அந்தப் புயலைப் பற்றி அறிக்கை எழுதியவர்களில் அவரும் ஒருவர். தொடர்ந்து 1866இல் ஒரிசாப் பஞ்சம். பாறையைப் படித்த மனிதர் வானத்தைப் படிக்கத் திரும்பினார். 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவரே. அரியலூரின் பாறைகளுக்குப் பெயர் வைத்தவரும், இன்று நாம் தொலைக்காட்சியில் கேட்கும் வானிலை அறிக்கைக்கு அடித்தளம் போட்டவரும் ஒரே ஆள்.

அவர் பொறுப்பேற்ற மறுவருடமே தாது வருடப் பஞ்சம். தென்னிந்தியா முழுவதும் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மழை தவறுமா என்று முன்னதாகச் சொல்ல முடியுமா என்பதுதான் அன்றைய அரசாங்கம் அவரிடம் வைத்த கேள்வி. பிளான்ஃபோர்டு கண்டுபிடித்த பதில் வியப்பானது. இமயமலையில் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் விழும் பனியின் அளவுக்கும் அடுத்து வரும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கிறது, பனி மிகுந்தால் மழை குறையும் என்று 1884இல் கட்டுரை வெளியிட்டார். அந்த முறையைச் சில ஆண்டுகள் சோதித்த பிறகு 1886இல் நாட்டின் முதல் முறையான பருவமழை முன்னறிவிப்பு வெளியானது.

பனியைப் பார்த்து மழையைச் சொல்வது. பெரம்பலூரில் ஒரு விவசாயி மார்கழி மூட்டத்தைப் பார்த்து ஆடி மழையைக் கணித்தார். கல்கத்தாவில் வானிலைத் துறைத் தலைவர் இமயத்துப் பனியைப் பார்த்து ஜூன் மழையைக் கணித்தார். ஒருவர் பார்த்தது மூடுபனி, மற்றவர் பார்த்தது உறைபனி. பஞ்சாங்கத்துக்கும் அறிவியலுக்கும் உள்ள தூரம் அப்படியே இருக்கிறது. இமயப் பனியின் தாக்கத்தை இன்றும் ஆராய்கிறார்கள், கர்ப்போட்டத்தை ஆராய்வோர் குறைவு. ஆனால் இருவரின் கவலையும் ஒன்று. பனி வெறும் சாட்சி, விசாரிக்கப்பட்டது மழை.

பனியே விசாரணைக்கு வந்தது கடலில். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, வடஅட்லாண்டிக்கின் பனிப்பாறைகளைக் கண்காணிக்க ‘ஸ்கோஷியா’ என்ற கப்பல் 1913இல் அனுப்பப்பட்டது. அதில் வானிலையாளராகப் போனவர் ஜி. ஐ. டெய்லர் என்ற இளம் கணிதவியலாளர். நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மூடுபனிக்குள் பட்டங்களைப் பறக்கவிட்டு, உயரம் கூடக்கூட வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று அளந்தார். 1917இல் மூடுபனி உண்டாகும் விதம் பற்றி அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. அதற்கும் முன்பே 1880இல் ஜான் எய்ட்கன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தூசி இல்லாத காற்றில் மூட்டம் உண்டாகாது, நீராவி ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும் என்று சோதனை செய்து காட்டியிருந்தார். 1951இல் கிராடாக், பிரிச்சர்ட் என்ற இருவர், நண்பகலில் எடுத்த இரண்டு அளவுகளைக் கொண்டு அந்த இரவில் எந்த வெப்பநிலைக்கு இறங்கினால் மூட்டம் போடும் என்று சொல்லும் சூத்திரத்தை உருவாக்கினார்கள். பிரிட்டனின் வானிலைக்காரர்கள் அதை நெடுங்காலம் கையில் வைத்திருந்தார்கள்.

அந்தச் சூத்திரத்தின் உள்ளே இருப்பதைப் பெரம்பலூர்க் காட்டில் வைத்தே சொல்லலாம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான் தாங்கும். குளிரும் காற்று, தாங்க முடியாததைத் துளியாக வெளியே விடுகிறது. அப்படி விடத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். மாலையில் பனிநிலை 20 டிகிரி என்று அளந்து, விடியலில் வெப்பம் 19க்கு இறங்கும் என்று தெரிந்தால் பாதி கணிப்பு முடிந்தது. மீதிப் பாதிதான் கடினம்.

வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்கிறது. கரிசல் மண் ஈரத்தை இழுத்து வைத்திருக்கிறது; ஏரிகள் நிறைந்திருக்கின்றன; இரவு நீளமானது. மேகம் விலகியதும் நிலத்தின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்க, மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக ஒரு மூடியைப் போல் உட்கார்ந்துகொள்கிறது. காற்று கொஞ்சம்கூட அசையாவிட்டால் ஈரமெல்லாம் புல்லில் துளியாக இறங்கிவிடும், மூட்டம் போடாது. வாடைக் காற்று வேகமாக வீசினால் மேலே உள்ள சூடு கீழே கலந்து, அப்போதும் போடாது. இலை அசைந்தும் அசையாமலும் இருக்கிற மிக மெல்லிய காற்று வேண்டும். ஒரு டிகிரி முன்னே பின்னே போனாலும், ஒரு மெல்லிய மேகம் கடந்தாலும் கணிப்பு கவிழும். செட்டிகுளத்தில் மூடியிருக்க ஆலத்தூரில் வெயிலடிக்கும். இந்தச் சாதுவான வெண்மையை முன்கூட்டிச் சொல்வது கடினம் என்று வானிலைக்காரர்கள் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

டீக்கடையில் எழுந்த கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. இரவெல்லாம் காற்றின் ஈரம் புல்லிலும் பயிரிலும் துளியாகச் சேர்ந்துகொண்டிருந்தது. சூரியனின் முதல் சூடு காற்றைச் சூடாக்குவதற்கு முன் அந்தத் துளிகளை ஆவியாக்குகிறது. காற்றையும் லேசாகக் கிளறிவிடுகிறது. இன்னும் குளிராகவே இருக்கும் காற்றுக்குள் புதிய ஈரம் புகுந்ததும் மூட்டம் சட்டென்று எழுகிறது. விடிந்த பிறகு வரும் மூடுபனி இது. வெயில் ஏறி எட்டு, எட்டரை ஆகும்போது கரைந்துவிடும். இதை அறியாமல் வெளிச்சம் வந்துவிட்டதே என்று வேகம் எடுப்பவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

மனிதன் பறக்கத் தொடங்கியதும் மூடுபனிக் கணிப்பு விமான நிலையங்களில் குடியேறியது. ஓடுபாதையில் எத்தனை மீட்டர் தெரிகிறது என்று அளக்க, பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் ‘திருஷ்டி’ என்ற கருவியை உருவாக்கியது. ஓர் ஒளிக்கற்றையை அனுப்பி, மறுமுனைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று அளக்கும் கருவி. நிலைய அதிகாரியின் கம்பம்தான், இன்னும் நுட்பமான வடிவில். 2015ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டெல்லி விமான நிலையத்தில் ‘வைஃபெக்ஸ்’ என்ற மூடுபனி ஆய்வைப் புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தொடங்கியது. 2013இல் ஏவப்பட்ட இன்சாட்–3டி செயற்கைக்கோள் இரண்டு அகச்சிவப்பு அலைவரிசைகளை ஒப்பிட்டு இரவிலும் மூட்டத்தைக் காட்டத் தொடங்கியது. மேலே உயர்ந்த மேகம் இருந்துவிட்டால் மட்டும் அதன் கண் மறைந்துவிடும். தமிழ்நாட்டில் இந்த அக்கறையைத் தலைப்புச் செய்தியாக்கியது 2018ஆம் ஆண்டுப் போகி. பழைய பொருள்களை எரித்த புகையும் தைப் பிறப்பின் பனியும் சேர்ந்து சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தை மூட, விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. துகள் இல்லாமல் மூட்டமில்லை என்று எய்ட்கன் சொன்னதை ஒரு நகரமே சோதித்துப் பார்த்தது போலாயிற்று.

போகிக்கு முந்தைய இரவுகளில்தான் சென்னையிலிருந்து தெற்கே போகும் கூட்டம் உச்சத்தில் இருக்கும். ஆண்டின் மிக நெரிசலான இரவுகளும் பனி இறங்கும் இரவுகளும் ஒன்றாக வந்து விழுகின்றன. அந்த வாகனங்களில் பெரும்பகுதி விடியலுக்கு முன் பெரம்பலூரைக் கடக்கின்றன. கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் டிராக்டர்களும் அதே காலத்தில் சாலையில் இருக்கும். பலவற்றுக்குப் பின்விளக்கு இருக்காது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர்கள். விமான ஓடுபாதையின் ஒவ்வொரு மீட்டரையும் அளக்கிற அக்கறை, அதைவிட எத்தனையோ மடங்கு மக்கள் போகும் இந்தச் சாலைக்கும் வேண்டும். ஜனவரியில் சென்னை மண்டல வானிலை மையம் வெளியிடும் அறிக்கைகளில் அதிகாலையில் ஓரிரு இடங்களில் லேசான பனிமூட்டம் என்ற வரி வரும். எந்த ஓரிரு இடம் என்பதில்தான் ஓட்டுநரின் உயிர் இருக்கிறது.

விவசாயிக்கும் அந்த ‘ஓரிரு இடம்’ முக்கியம். சின்ன வெங்காயத்தில் தமிழகத்தின் முன்னணி மாவட்டம் பெரம்பலூர். வெங்காயத் தாளில் பனி நெடுநேரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். இலைப்புள்ளி, நுனிக்கருகல் என்று காடு வெளுத்துப்போகும். செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்தில் முந்திரி பூக்கும் காலமும் இதுவே. பனியில் பூ கருகிவிட்டது என்ற புலம்பலை ஒவ்வொரு தை, மாசியிலும் கேட்கலாம். வானிலைத் துறை வேளாண் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் பயிர் ஆலோசனை அறிக்கை தருகிறது. வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன. கைபேசியில் ‘மேகதூத்’ செயலி 2019லிருந்து ஓடுகிறது. மாவட்டத்துக்கான ஈரப்பதமும் குறைந்தபட்ச வெப்பமும் அதில் கிடைத்துவிடும். தன் காட்டின் காற்று அசைகிறதா என்பதை மட்டும் அவரவர்தான் வெளியே வந்து பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்கவும் செய்கிறார்கள். வெங்காயம் பிடுங்க மறுநாள் எத்தனை மணிக்கு ஆள் வரச்சொல்வது என்பது முதல் நாள் இரவே எடுக்க வேண்டிய முடிவு. ஈரத்தோடு பிடுங்கினால் பட்டறையில் அழுகும். வெறுமனே உட்கார்த்தி வைத்தாலும் கூலி கூலிதான். இரவு ஒன்பது மணிக்குச் செட்டிகுளத்து வீட்டு வாசலில் நின்று, வானத்தில் மீன் தெளிவாக இருப்பதையும், வேப்பிலை அசையாததையும், மாலையில் பாய்ச்சிய பாத்தியின் ஈர வாசனையையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போனில் பேசுகிற குரல் கேட்கும்: “காலையில மூட்டம் போடும்போல இருக்குக்கா. ஆறு மணிக்கு வேணாம். எட்டரைக்கு மேல வாங்க.”